பதினொரு வாரம் எங்கள் வீட்டில் தங்கிய மாதா

1

என் மகள் ஷெரினுக்குப் பன்னிரண்டு வயது. அயர்லாந்தின் நடுப்பகுதியில் நாங்கள் இருக்கும் இந்தச் சிற்றூரில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் வசந்த காலத்தில் உறுதிபூசுதல் நடக்கும். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் வாங்கியபோது நமக்காக வேறு யாரோ சொன்ன விசுவாசத்தை, பிள்ளையே வாயைத் திறந்து ‘இது என்னுடையது’ என்று சொல்லும் நாள் அது. அதற்கான படிவம் சென்ற வாரம் அவளுடைய பள்ளிப் பையில், பாதி தின்ற ஆப்பிளுக்கு அடியில் கசங்கிக் கிடந்தது. நான்தான் எடுத்தேன். அவளாகக் கொடுக்கவில்லை.

பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன். முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணி. படுக்கையில் இருப்பவரைத் திருப்பிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, எழுதுவது. எழுதுவதுதான் பாதி வேலை. காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் வரிவரியாகப் பதிந்திருக்கும். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிட்டு உட்காரலாம் என்றுதான் தோன்றும். இந்த எட்டு வருடங்களில் அந்த அளவுக்குப் பழகிவிட்டேன்.

பேனாவை எடுத்தபோது ஷெரின் கேட்டாள்.

“அம்மா, அத படிச்சியா?”

“இன்னா இருக்கப் போகுது? பேரு, அட்ரஸ்.”

“கீழ படி.”

கீழே ஒரு வாக்கியம் இருந்தது. பெற்றோராகிய நாங்கள் எங்கள் விசுவாசத்தை வீட்டில் வாழ்ந்து காட்டுகிறோம், பிள்ளைக்கு அதில் துணை நிற்போம் என்று உறுதி கூறுகிறோம். அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

“என் கிளாஸ்ல எல்லாரும் பவுன்ஸி காஸிலுக்காகத்தான் பண்றாங்க,” என்றாள். இந்த ஊரில் உறுதிபூசுதல் முடிந்ததும் பின்கட்டில் காற்று ஊதிய ரப்பர் கோட்டையை நிறுத்திப் பிள்ளைகளைக் குதிக்க விடுவது வழக்கம். “நான் பண்ணல. அங்க நின்னு பொய் சொல்ல முடியாது. நீ சொல்லுவியா?”

“யாரு பொய் சொல்றா? வாய அடக்கிப் பேசு.”

“அப்ப மாதா ஏன் ஐயர்னிங் போர்டு பின்னாடி இருக்காங்க?”

பேனாவை மூடி வைத்தேன். வாசகர்களுக்கு விஷயம் புரிய வேண்டுமானால் அந்த இஸ்திரிப் பலகைக்குப் பின்னால் இருந்த மாதாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதைச் சொன்னால் என் யோக்கியதையும் வெளியே வந்துவிடும். வரட்டும்.

2

முதலில் சான்றிதழ் கதை. படிவத்தோடு ஞானஸ்நானச் சான்றிதழும் கேட்டிருந்தார்கள், அதுவும் புதிதாக எடுத்தது. ஷெரினுக்கு ராயபுரத்தில்தான் ஞானஸ்நானம் நடந்தது. மகள் மாட்டேன் என்கிறாள், கையெழுத்துப் போட எனக்கும் கை வரவில்லை. இருந்தாலும் சான்றிதழையாவது வாங்கி வைப்போமே என்று தம்பி டேவிட்டைப் பிடித்தேன். இது என் சுபாவம். மனசு தயாராகாத காரியத்துக்கு முதலில் காகிதத்தைத் தயார் செய்வேன்.

டேவிட் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். எப்போது கூப்பிட்டாலும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஏதோ ஒரு வரிசையில் நின்றுகொண்டிருப்பான்.

“சொல்லுக்கா. காலைலேர்ந்து வண்டி ஒரு அடி நவுரல. பேஜாரா கீது. உன்னாண்டயாவது பேசலாம்.”

“கோயிலுக்குப் போனியாடா?”

“போனேன். சாமியாரு இல்ல, ஆபீஸ்ல இருக்கறவருதான் இருந்தாரு. பெரிய புக்க எடுத்து வச்சிகினு அல்லாம் கேக்கறாரு. அப்பா பேரு, அம்மா பேரு, ஞானத்தாய் பேரு. நானு முழிச்சிகினு நிக்கறேன். உம் பேர பிலோமினா அந்தோணின்னு சொன்னா, அந்தோணி யாரு, வூட்டுக்காரரான்னு கேக்கறாரு.”

சிரித்தேன். அங்கேயும் அதே கேள்வியா? இங்கே குடியேற்ற அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணும் இதைத்தான் கேட்டாள். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர். மகளுக்கு அவள் அப்பா பெயர். அவருக்கு அவருடைய அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். “மிஸ்டர் அந்தோணி உங்களோடு வசிக்கிறாரா?” என்று அவள் கேட்டபோது, “இல்லை, காசிமேடு கல்லறையில் வசிக்கிறார்” என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு படிவம் கொடுத்திருப்பாள்.

“அக்கா, மாதா உன் வூட்டுக்கு வந்துச்சுல்ல? ஃபோட்டோ அனுப்பிச்சியே. சோக்கா இருந்துச்சு. அடுத்த வூட்டுக்குக் குட்த்துட்டியா?”

“குடுத்துட்டேன்டா.”

சொல்லும்போதே என் கண் மாடிப்படி பக்கம் போனது. மேலே சாமான் அறையில், இஸ்திரிப் பலகைக்குப் பின்னால், என் பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு மாதா இருந்தார்.

3

ராயபுரத்தில் எங்கள் தெருவில் இருபத்தைந்து கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து ஒரு ஜெபக்குழு. அன்பியம் என்று பெயர். அக்டோபர் ஜெபமாலை மாதம். அந்த மாதத்தில் கோயிலிலிருந்து மாதா சிலை ஒன்று, சுரூபம் என்போம், தெருவுக்கு வரும். ஒரு வீட்டில் ஒரு நாள். சாயங்காலம் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்லி, சுண்டலும் தேநீரும் ஆனதும், மறுநாள் அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். எதிர்வரிசையில் இரண்டு இந்து வீட்டுக்காரர்கள் தாங்களாகவே கேட்டு வாங்கி, மல்லிகைச் சரம் போட்டு வைத்துக்கொள்வார்கள்.

இதில் இரண்டு விதிகள் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. மாதா ஒரு வீட்டையும் தாண்டிப் போகக்கூடாது. குடிகாரர் வீடானாலும் சரி, வருடம் முழுக்கக் கோயில் பக்கமே வராதவர் வீடானாலும் சரி. இரண்டாவது, கொடுக்கிற வீட்டுக்காரர் தன் கையால் தூக்கிப் போய்க் கொடுக்க வேண்டும், வாங்குகிற வீட்டுக்காரர் தன் கையால் வாங்க வேண்டும். நடுவில் ஆள் வைக்கக்கூடாது.

எங்கள் அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். பக்கத்து வீட்டு சவரிமுத்து மாமா ரயில்வேயில் இருந்தார். அவர் வாசற்படியை ஒரு செங்கல் உயர்த்திக் கட்டிவிட்டார். மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் வீட்டுக்குள் வந்தது. அப்பா கேட்கப் போனார். கெட்ட வார்த்தையில் முடிந்தது. அந்த வருடம் மாதா சவரிமுத்து மாமா வீட்டிலிருந்துதான் எங்களுக்கு வர வேண்டும். “அவங் கையாலயா? நான் வாங்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு அப்பா ஓவர்டைமுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு நல்ல மழை. எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் வாசலில் தெருவே குடை பிடித்துக்கொண்டு நின்றது. அம்மா வாங்கக் கை நீட்டினாள். சவரிமுத்து மாமா கொடுக்கவில்லை. “அந்தோணி வரட்டும்மா. அவன் வர்ற வரிக்கும் நிக்கறேன்,” என்றார். மாதாவின் தலைக்கு யாரோ குடை பிடித்தார்கள், மாமா நனைந்தார். மணிக்கு ஒரு ஜெபமாக ஐம்பத்து மூன்று மணிகளை உருட்டும் ஜெபமாலை அங்கேயே ஒருமுறை முடிந்து, இரண்டாவது முறை பாதியில் இருந்தபோது அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கூட்டத்தைப் பார்த்து நின்றார். பிறகு குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டார்.

இதற்கப்புறம் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. படியை இடிக்கவும் இல்லை. அடுத்த மழைக்கும் வீட்டில் தண்ணீர் வந்தது, நாங்கள் முறத்தால் அள்ளிக் கொட்டினோம். வருடத்தில் ஒரு நாள் மட்டும் அவர்கள் கைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன, அவ்வளவுதான். என்ன வெட்டி வேலை இது என்றுதான் அந்த வயதில் நினைத்தேன்.

4

இங்கே தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆறு. வேளாங்கண்ணியிலிருந்து ஒரு குடும்பம் இரண்டடி உயர மாதாவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தது. எல்லோருக்கும் ஷிஃப்ட் வேலை, தினமும் கூட முடியாது. அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை கைமாறும். ஊர்வலமெல்லாம் கிடையாது. பின்சீட்டில் உட்காரவைத்து சீட் பெல்ட் போட்டுத்தான் மாதாவைக் கொண்டுபோவோம். முதல் முறை பார்த்தபோது என் வீட்டுக்காரர் ராஜ், “லைசன்ஸ் கேட்டா இன்னா பண்றது?” என்றார்.

வரிசையில் நாங்கள் ஐந்தாவது. கடைசி, ஆறாவது வீடு ஜெசிந்தாவுடையது.

ஜெசியைப் பற்றி எப்படிச் சொல்வது? அவள் விம்கோ நகர், எங்கள் ராயபுரத்துக்கு வடக்கே அதே ரோட்டில். அவள் அப்பா பழைய தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். அதே முதியோர் இல்லத்தில் மூன்று வருடம் முன்பு வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் ஓய்வறையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டபோது, “அக்கா, நீங்க எந்த ஊரு?” என்றாள். “ராயபுரம்” என்றதும் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள். “அய்யய்ய, நம்ம ரோடு! வண்ணாரப்பேட்டைல துணி எடுத்துட்டு உங்க தெரு வழியாத்தான பஸ்ஸு ஏறுவோம்!” என்று கத்தினாள். அன்றிலிருந்து அவள் டப்பாவில் பாதி எனக்கு, என் டப்பாவில் பாதி அவளுக்கு. இந்த ஊரில் எல்லோரோடும் நான் அளந்து அளந்துதான் பேசுவேன். ஒரு முறை, இறந்துபோன பெரியவரின் மகளுக்குப் போன் செய்து, நம்மூர் வழக்கப்படி அப்பா எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்று சொல்லிவிட்டேன். பால் பாக்கெட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார். அதிலிருந்து யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் ‘கிராண்ட்’ என்ற இந்த ஊர் வார்த்தையோடு நிறுத்திக்கொள்வேன். கால் வீங்கினாலும் கிராண்ட், காய்ச்சலானாலும் கிராண்ட். ஜெசியிடம் மட்டும்தான், “முடியலடி” என்று சொல்ல முடிந்தது.

அக்டோபரில் ஒரு மத்தியானம், கூடத்தில் பெரியவர் ஒருவர் நாற்காலியிலிருந்து தானாக எழப் பார்த்து விழுந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கூடத்தில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும். நானும் ஜெசியும்தான் அன்றைக்கு. நான் அங்கே இல்லை. ஜெசி இன்னொருவரைக் கழிவறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போயிருந்தாள்.

விசாரணைப் படிவத்தில் நான் எழுதினேன்: துண்டு எடுக்கப் போயிருந்தேன். ஜெசி எழுதினாள்: அந்த நேரத்தில் பிலோமினா கூடத்தில் இல்லை. அந்த ஒரு வரிதான். எனக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை வந்தது. அடுத்த வருடம் எனக்கு வர வேண்டிய சீனியர் பொறுப்பு போயிற்று. ஓய்வறையில் வேறு மேசையில் போய் உட்கார்ந்தேன். அவள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ராஜிடம் பொருமினேன். “நம்ம ரோட்டுக்காரி! ‘எனக்குத் தெரியாது’ன்னு எழுதிட்டுப் போயிருக்கக் கூடாதா?”

“நீ எங்கதான் போயிருந்த?” என்று அவர் கேட்டார்.

“துண்டு எடுக்க.”

உண்மையை இங்கேதான் முதல் முறையாக எழுதுகிறேன். துண்டு, விரிப்பெல்லாம் அடுக்கிய அந்தச் சிறிய அறைக்குள் போய், கவிழ்த்து வைத்திருந்த கூடையின் மேல் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். துண்டுகள் என் தலைக்கு மேலே அடுக்கி இருந்தன. ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை.

5

நவம்பர் இரண்டாவது வெள்ளிக்கிழமை மாதாவை ஜெசி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு எனக்கு ஷிஃப்ட் இருந்தது. அடுத்த வெள்ளி மழை. அதற்கடுத்து எனக்கே காரணம் தேவைப்படவில்லை. ஆறு குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ, “மாதா பத்திரமா போய்ச் சேர்ந்தாங்களா?” என்று கேட்டிருந்தார்கள். நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். கடைசி வீடு என்பதால் அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாதே என்று மாதாவை மேலே தூக்கிப் போய் வைத்தேன்.

நவம்பர் கடைசியில் ஜெசியின் அம்மா விம்கோ நகரில் இறந்துபோனார். ஜெசியின் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வராமல் நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குடியேற்ற அலுவலகத்துக்குப் போன் போட்டு, மூன்று மணி நேரம் காத்திருப்பு இசை கேட்டதுதான் அவளுக்கு மிச்சம். அடக்கத்தை வீடியோவில் பார்த்தாள் என்று கேள்விப்பட்டேன். நம் தெருவாக இருந்தால் அன்று சாயங்காலமே அன்பியம் அந்த வீட்டில் போய் உட்கார்ந்திருக்கும், முப்பது நாளும் யாராவது வந்து ஜெபமாலை சொல்லியிருப்பார்கள். நான் குழுவில் ஆழ்ந்த அனுதாபங்கள் என்று போட்டேன். கீழே ஒரு மெழுகுவர்த்திப் படம்.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைப்பீர்கள். எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. களைப்பாக இருந்தது. களைத்துப்போனவளுக்கு எல்லாவற்றிலும் சலுகை உண்டு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு பூசைக்கும் அதே சலுகைதான். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குச் சம்பளம் கூடுதல் என்று அதையே கேட்டு வாங்குவேன். போகும் சில ஞாயிறுகளில், பெரிய கோயிலில் நாற்பது நரைத்த தலைகள், நாங்கள், நம் கேரளத்துக்காரர்கள். மூன்று ஊர்க் கோயில்களுக்கும் சேர்த்து ஒரே நைஜீரியச் சாமியார். பூசை முடிந்ததும் அடுத்த ஊருக்கு ஓடுவார். ராயபுரத்தில் கிறிஸ்தவளாக இருப்பதற்கு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தெரு இருந்தது, கோயில் மணி இருந்தது, யார் வீட்டில் என்ன நடந்தாலும் கூடவே ஜெபமும் இருந்தது. நான் அந்தக் கூட்டத்தில் நடந்தேன், அவ்வளவுதான். இங்கே வந்து கூட்டம் இல்லாமல் போனதும், என்னிடம் சொந்தமாக எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. விசா, வீடு, ஷிஃப்ட், பிள்ளைக்குக் காய்ச்சல். ஆண்டவரிடம் இத்தனை வருடம் நான் கொடுத்ததெல்லாம் விண்ணப்பங்கள்தான். ஒரு நாளாவது அவர் என்னிடம் ஏதாவது கேட்கிறாரா என்று நின்று பார்த்ததில்லை.

படிவம் வந்த மறுநாள் ஷெரின் மறுபடி ஆரம்பித்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சுவர்கள் மெல்லியவை, நான் பொருமியது எல்லாம் கேட்டிருக்கிறாள், என் போனையும் பார்த்திருக்கிறாள்.

“அம்மா, நீ அந்த குரூப்ல தம்ஸ் அப் போட்டல்ல?”

“அதுக்கின்னா இப்போ?”

“ஜெசி ஆன்ட்டியும் அந்த குரூப்ல இருக்காங்க. அவங்களும் அத பார்த்திருப்பாங்க. மாதா வரலன்னு அவங்களுக்குத் தெரியும். அவங்க எதுவும் சொல்லவே இல்ல.”

உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. நான் பொய் சொன்னது ஜெசியின் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. ஆறு குடும்பங்கள் முன்னால் அவள் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என் மானம் போயிருக்கும். அவள் எழுதவில்லை. இத்தனை வாரத்தில் இது எனக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது.

6

சனிக்கிழமை மத்தியானம் மாதாவைக் கீழே கொண்டுவந்தேன். முகத்தில் தூசி. ஈரத்துணியால் துடைத்தேன். ஷெரினை வா என்று கூப்பிடவில்லை. அவளாக வந்து காரில் ஏறி, மாதாவுக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டாள். இதை எழுதும் இன்றுவரை அந்தப் படிவத்தில் அவளும் எதுவும் எழுதவில்லை, நானும் கையெழுத்துப் போடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெசி வீடு பத்து நிமிட தூரம். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருந்தது, கார் ரிப்பேர், ராஜுக்கு முதுகுவலி. மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான். அழைப்பு மணியை அடித்தபோது மாதா கையில் கனத்தார். ஜெசி கதவைத் திறந்தாள். வீட்டு உடையில் இருந்தாள், மிகவும் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு மாதாவைப் பார்த்தாள்.

ஷெரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒத்திகை பார்த்த மூன்றும் வாயில் வரவில்லை.

“ஜெசி, மாதாவ நாந்தான் வச்சிகினேன். வேணும்னேதான். உம்மேல கோவம். நீ எழுதினது நெசம்டி. நானு துண்டு எடுக்கப் போவல. லினன் ரூம்ல உக்காந்து தூங்கிட்டேன்.”

“தெரியும்க்கா.”

“இன்னா தெரியும்?”

“அன்னிக்கு உங்களத் தேடிகினு நான் உள்ள வந்தேன். கூடை மேல உக்காந்துகினு, செவுத்துல தல சாஞ்சி தூங்கினு இருந்தீங்க. எழுப்ப மனசு வரல. கொஞ்ச நேரம் தூங்கட்டும், நானே பாத்துக்கலாம்னு கதவ சாத்திட்டு வந்துட்டேன். அதுக்குள்ள இன்னொருத்தரு பாத்ரூம்னாரு. கூட்டினு போனேன். இவரு வுழுந்துட்டாரு.” கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். “எங்க இருந்தாங்கன்னு கேட்டாங்க. கூடத்துல இல்லன்னு மட்டும் எழுதினேன். அதுக்கு மேல எழுதல.”

வேலை நேரத்தில் தூங்கினாள் என்று எழுதியிருந்தால் என் வேலை அன்றைக்கே போயிருக்கும். பொய் சொல்லாமல் என்னை எவ்வளவு காப்பாற்ற முடியுமோ அவ்வளவு காப்பாற்றியிருக்கிறாள். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் மாதாவைப் பதினொரு வாரம் ஒளித்து வைத்திருந்தேன். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வூட்டத் தொடச்சி வச்சேன்க்கா,” என்றாள். “நீங்க வரல. நான் கேக்கல. எங்கம்மா போனப்போகூட மாதா வரல. அவங்களுக்கே நம்ம வூட்டுக்கு வரப் புடிக்கலயோன்னு நெனச்சேன்.”

“அப்டிலாம் இல்லடி. அவங்க வரணும்னுதான் இருந்தாங்க. நாந்தான் வுடல.”

இரண்டு கையையும் நீட்டினாள். கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “உள்ள வாங்க. வா ஷெரின்,” என்றாள்.

கூடத்தில் ஒரு மேசை. அதன் மேல் சுவரில், சாதாரணத் தாளில் அச்செடுத்த அவள் அம்மாவின் படம், நாலு மூலையிலும் ஒட்டுநாடா. மை குறைந்து முகத்தில் கோடுகள் விழுந்திருந்தன. படத்துக்குக் கீழே மாதாவை வைத்தாள்.

“அம்மாக்கு இந்த வூட்ல இன்னும் யாரும் வந்து ஜெபமாலை சொல்லலக்கா. நானு தனியாத்தான் சொல்லினுகீறேன். நீங்க சொல்றீங்களா?”

மூன்று பேரும் முழந்தாளிட்டோம். கணுக்கால் வலித்தது. சிலுவை அடையாளம் போட்டேன். நம் வழக்கப்படி, இறந்தவரின் பெயரைச் சொல்லி, இவருடைய ஆன்மாவுக்காக என்று ஒப்புக்கொடுத்துத்தான் தொடங்க வேண்டும். வாயைத் திறந்த பிறகுதான் எனக்கு அந்தப் பெயர் தெரியாது என்பது தெரிந்தது. மூன்று வருடம் அந்த அம்மாள் வறுத்து இடித்து அனுப்பிய கருவாட்டுப் பொடியைச் சோற்றில் பிசைந்து தின்றிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் அனுப்பச் சொல்லு என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.

“ஜெசி, உங்கம்மா பேரு இன்னா?”

ஷெரின் என் பக்கம் திரும்பினாள். “அம்மா, உனக்குத் தெரியாதா?”

“தெரியாதும்மா. நான் கேட்டதே இல்ல.”

“ரோசம்மா,” என்றாள் ஜெசி.

ரோசம்மாவின் ஆன்மாவுக்காக என்று சொல்லித் தொடங்கினேன். ஒவ்வொரு ஜெபத்திலும் நான் சொல்லும் முதல் பாதிக்கு அந்த வீட்டில் இருப்பவர் பதில் பாதியைச் சொல்ல வேண்டும். ஜெசியால் முடியவில்லை. அம்மாவின் பெயரை இந்த வீட்டில் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டதும் தரையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு, பதிலுக்கு ஆள் இல்லாமல் பாதியில் நிறுத்தினேன். அப்போது ஷெரின் சொல்லத் தொடங்கினாள், பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில். தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி என்று ஐம்பத்து மூன்றையும் நாங்கள் இரண்டு பேரும் சொல்லி முடித்தோம்.